அக்கா, அவளை ஆட விடு

அன்புள்ள அக்கா,

பாப்பா உங்கள் ஊரில் மோரிஸ் என்கிற இங்கிலாந்து நாட்டுப்புற ஆட்டக் குழுவில் சேர அடம்பிடிக்கிறாள், குட்டைப் பாவாடையும் ஜிகினாவும் பாப் பாட்டுமாக இருக்கிறதே, இதில் என்ன பாரம்பரியம், பரதநாட்டியமே போதாதா என்று கேட்டிருந்தாய்.

பார்த்தவுடன் அப்படித்தான் தோன்றும். ஆனால் வடமேற்கு இங்கிலாந்தின் லங்காஷயர், செஷயர், அப்புறம் வடக்கு வேல்ஸ் பக்கத்துப் பெண்பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக ஆடிவருவது அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பஞ்சாலை ஊர்களின் கார்னிவல் ஊர்வலங்களில் ஆண்கள் ஆடிய ஆட்டம், அப்புறம் பிள்ளைகளிடம் வந்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பெண்பிள்ளைகளுக்கே உரியதாகிவிட்டது. மரக்கட்டைச் செருப்பு போய் வெள்ளை கேன்வாஸ் ஷூ வந்தது, பேண்டு போய் ஸ்பீக்கர் வந்தது, வரிசைகட்டி ஒரே தாளத்தில் அடிவைப்பது மட்டும் அப்படியே இருக்கிறது. 1934-இல் தொடங்கிய மோரிஸ் ரிங் என்ற சங்கம் பல பத்தாண்டுகள் ஆண்களை மட்டுமே சேர்த்தது. நாட்டார் கலையைக் காப்பாற்றுகிறோம் என்றவர்களில் பெரும்பாலோர் பக்கத்துத் தெருவில் ஆடிக்கொண்டிருந்த இந்தப் பிள்ளைகளைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. எனக்கு அதில் நிஜமாகவே கோபம் உண்டு.

போன கோடையில் உன் வீட்டுக்கு வந்தபோது ஒரு போட்டியை எட்டிப் பார்த்தேன். இரண்டு கையிலும் குஞ்சம், அதை ஷேக்கர் என்கிறார்கள், கை உதறும்போது இருபது குஞ்சமும் ஒன்றாகச் சலசலக்க வேண்டும், முழங்கால் ஒரே உயரத்துக்கு எழ வேண்டும், ஒருத்தி அரை அடி பிசகினாலும் மொத்த வரிசைக்கும் மதிப்பெண் போகும். ஓரத்தில் ஒரு பெரிய பெண், வாயில் ஹேர்பின்னைக் கடித்துக்கொண்டு, ஐந்து வயதுக் குட்டிக்குக் கொண்டை போட்டுவிட்டுக்கொண்டே காலால் தாளம் தட்டிக் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். குட்டிகளாகச் சேர்ந்து, ஜூனியர், சீனியர் என்று ஏறி, பிறகு இவர்களே அடுத்த செட்டுக்குக் கற்றுத்தருகிறார்கள். சம்பளம் எல்லாம் கிடையாது. ஹால் வாடகைக்கு அம்மாக்கள் கேக் விற்கிறார்கள், குலுக்கல் சீட்டு போடுகிறார்கள். அந்த அம்மாக்களில் பலரும் சின்ன வயதில் ஆடியவர்கள்தான்.

பரதம் அதுபாட்டுக்கு நடக்கட்டும், நிறுத்தச் சொல்லவில்லை. வார இறுதியில் போட்டி வந்தால் வகுப்போடு இடிக்கும், அதை மட்டும் டீச்சரிடம் முன்கூட்டியே பேசிவிடு. இத்தனை வருஷமாகியும் பக்கத்து வீட்டுக்காரி பெயர்கூடத் தெரியவில்லை என்று புலம்புவாயே, சட்டைக்கு ஜிகினா தைக்க அங்கே எப்போதும் ஆள் தேவைப்படும், உனக்குத் தையல் வேறு நன்றாக வரும். அடுத்த பயிற்சிக்கு அவளைக் கொண்டுவிட்டு, நீயும் அவர்களோடு உட்கார்ந்துவிடு.

அன்புடன்,
உன் தங்கை