பிரெஞ்சுப் பட்டப் படிப்பின் பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

பிரெஞ்சைத் தாய்மொழியாகக் கொள்ளாத மாணவர்களுக்கு இளங்கலைப் பாடத்திட்டம் வகுக்கும் பெருமக்களுக்கு,

வணக்கம். படிப்பின் பெயர் பிரெஞ்சு மொழியும் இலக்கியமும். பாடத்திட்டத்திலோ முற்பாதி மொழிக்கு, பிற்பாதி இலக்கியத்துக்கு என்று நடுவில் கோடு விழுந்திருக்கிறது. அந்தக் கோட்டை அழிக்க வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை. கோட்டைத் தாண்டும் இடத்தில்தான் மாணவர்கள் இடறி விழுகிறார்கள்.

முற்பாதியின் பாடநூல்கள் பேச்சுமொழியைக் கற்பிக்கின்றன. பயணச்சீட்டு வாங்குவது, வாடகைக்கு அறை கேட்பது, நேற்று நடந்ததை நண்பரிடம் சொல்வது எல்லாம் வருகின்றன. நடந்து முடிந்ததைச் சொல்ல பாஸே கொம்போஸே, பின்னணியைச் சொல்ல ஆம்பர்ஃபே என இரண்டு இறந்தகாலங்களோடு வேலை முடிந்துவிடுகிறது. பிற்பாதி தொடங்கியதும் ஒரு நாவல் கைக்கு வருகிறது. அதில் கதையை நகர்த்தும் வினைகள் எல்லாம் எழுத்துக்கே உரிய இன்னோர் இறந்தகாலமான பாஸே சேம்ப்ல் வடிவில் நிற்கின்றன. அன்றாடப் பேச்சில் அது வழங்குவதில்லை என்பதால் பாடநூல் அதைக் கடைசி அலகுக்குத் தள்ளியிருக்கும், அல்லது விட்டேவிட்டிருக்கும். 'இல் வி' என்று பார்த்ததும் மாணவர் 'அவன் வாழ்கிறான்' என்று படிப்பார். அங்கே அதற்கு 'அவன் கண்டான்' என்று பொருள். 'வீவ்ர்' வினையின் நிகழ்காலமும் 'வுவார்' வினையின் பாஸே சேம்ப்லும் எழுத்தில் ஒன்றே. 'இல் ஃப்யு' (இருந்தான்), 'இல் ஃபி' (செய்தான்) இரண்டையும் குழப்பிக்கொள்ளாதவர் அரிது. அகராதியைப் புரட்டினாலும் தலைச்சொல்லாக இருப்பது வினையின் மூலவடிவம்தான். மூலவடிவம் எதுவென்று ஊகிக்கத் தெரியாதவருக்கு அகராதி கைகொடுக்காது. மூன்றாம் பக்கத்தில் நாவல் மூடப்படும், கைடு திறக்கப்படும். இதைச் சோம்பல் என்று சொல்லிக் கடந்துபோக வேண்டாம். பாடத்திட்டம் விட்டுவைத்த பள்ளம் இது.

இதை நிரப்ப இரண்டாம் செமஸ்டரில் இரண்டு வாரம் போதும். ஆறு இடங்களுக்கும் வாய்பாடு ஒப்பிக்க வைக்க வேண்டியதில்லை. கதை பெரும்பாலும் படர்க்கையில்தான் ஓடும். அடிக்கடி வரும் 25 வினைகளை எடுத்து, படர்க்கை ஒருமையும் பன்மையும் மட்டும் கற்பித்தால் 50 வடிவங்கள். ஈறுகள் நான்கே வகை: 'ஆ' என முடிபவை, 'இ' என முடிபவை, 'யு' என முடிபவை, 'வெனிர்', 'தெனிர்' குடும்பத்தின் மூக்கொலி ஈறு. எழுத வேண்டாம், அடையாளம் கண்டால் போதும் என்று மாணவரிடம் முதலிலேயே சொல்லிவிட்டால் அச்சமும் பாதி குறையும். அதே இரண்டு வாரத்தில் இன்னும் இரண்டு செய்திகள் சேரலாம். 'ஃப்யு' என்ற சொல்லில் யு எழுத்தின் தலையில் கூரைக்குறி இருந்தால் அது வேறு வினைவடிவம். அடுத்தது, 'அஞ்சுகிறேன்' என்ற வினைக்குப் பின்னால் வரும் தனி 'ந'. 'ஜெ க்ரேன் கில் ந வியென்' என்றால் 'அவன் வந்துவிடுவானோ என்று அஞ்சுகிறேன்' என்று பொருள். அந்த 'ந' எதிர்மறை இல்லை. அதை எதிர்மறையாகப் படித்தவர் நாடகத்தின் ஒரு காட்சியையே தலைகீழாகப் புரிந்துகொள்வார்.

இதெல்லாம் வெறும் இலக்கணம், இலக்கியத்துக்கு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். காம்யுவின் 'அந்நியன்' (1942) பல இடங்களில் முதல் நாவலாக வைக்கப்படுகிறது. வாக்கியங்கள் சிறியவை, காலம் பாஸே கொம்போஸே, எனவே எளிது என்பது காரணம். ஆனால் நாவலின் வழக்கமான காலம் பாஸே சேம்ப்ல் என்று அறியாத மாணவருக்கு, ஒரு முழு நாவலைப் பாஸே கொம்போஸேயில் சொல்வது எவ்வளவு விசித்திரம் என்பது எப்படித் தெரியும்? ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாக நிற்கும் அந்த வாக்கியங்களின் குளிர்ச்சியே அந்த நூலின் கலை. மாப்பசானின் 'நெக்லஸ்' கதை (1884) ஏறக்குறைய 10 பக்கம்தான். அதை முதலில் முழுதாகப் படிக்கவைத்துவிட்டு 'அந்நிய'னுக்குப் போங்கள். வேறுபாடு தானாகக் காதில் விழும்.

'மதாம் பொவாரி' நாவலை எழுதிய ஃப்ளோபேரிடம் வரும்போது சிக்கல் இன்னும் நுண்ணியது. நாங்களே ஒரு வாக்கியம் அமைத்துக் காட்டுகிறோம்: 'எல் ஃபெர்மா லா ஃபெனெத்ர். தெமேன், இல் வியேந்த்ரே.' முதல் வாக்கியம் கதைசொல்லியுடையது, 'அவள் சன்னலைச் சாத்தினாள்'. இரண்டாவது அவள் மனத்தில் ஓடுவது, 'நாளை அவன் வந்துவிடுவான்'. 'என்று நினைத்தாள்' என்ற சொல் எங்கும் இல்லை. வினையின் வடிவம் ஒன்றுதான் தடயம். அந்த வடிவத்தை 'வந்தால் வரலாம்' என்ற நிபந்தனைப் பொருளில் மட்டும் கற்ற மாணவர், அவளுடைய உறுதியான நம்பிக்கையைச் சந்தேகமாக மொழிபெயர்த்துவிடுவார். 'மதாம் பொவாரி' 1857இல் நீதிமன்றம் ஏறியபோது, நாவலின் நாயகியைக் கண்டிக்கும் குரல் நூலுக்குள் எங்கே என்று அரசு வழக்கறிஞர் எர்னெஸ்த் பினார் கேட்டார். ஃப்ளோபேர் விடுதலையானார். எந்த வாக்கியம் யாருடையது என்ற கேள்விக்கு எவ்வளவு கனம் உண்டு என்று காட்ட இதைவிட நல்ல பாடம் கிடையாது. இலக்கண வகுப்பும் நாவல் வகுப்பும் ஒரே வாரத்தில் ஒரே பத்தியை எடுத்தால் இதை 2 மணி நேரத்தில் விளங்கவைத்துவிடலாம்.

செய்யுளை நீங்கள் ஏறத்தாழக் கைவிட்டுவிட்டீர்கள். அது எங்களுக்கு உண்மையிலேயே வலிக்கிறது. 'அலெக்சாந்த்ரேன் என்பது 12 அசை கொண்ட அடி' என்று குறிப்பெடுக்க வைத்துவிட்டுப் போவதில் பயனில்லை. எண்ணக் கற்பிக்க வேண்டும். ரஸீனின் 'ஃபேத்ர்' நாடகத்தில் (1677) ஓர் அடி: 'அரியான், மா ஸர், தெ கெல் அமூர் ப்ளெஸே'. இன்றைய உச்சரிப்பில் முற்பாதியை எண்ணினால் ஆறுக்குக் குறைவாகவே வரும். பெயரின் இறுதியில் எழுதப்பட்டு ஒலிக்காமல் நிற்கும் எ, அடுத்த சொல் மெய்யில் தொடங்குவதால் செய்யுளில் அசை பெறும். அ-ரி-ஆ-னெ-மா-ஸர், ஆறு. அங்கே ஒரு நிறுத்தம். பிறகு தெ-கெல்-அ-மூர்-ப்ளெ-ஸே, ஆறு. கடைசியில் நிற்கும் எ கணக்கில் வராது. அடுத்த சொல் உயிரில் தொடங்கினால் இந்த எ மறைந்துவிடும். 'நாடு' + 'அது' = 'நாடது' என்று குற்றியலுகரம் கெடுவதை அறிந்த தமிழ் மாணவருக்கு இதை ஒரு வகுப்பில் புரியவைக்கலாம். நேர், நிரை என்ற பாகுபாடு இங்கே இல்லை, எண்ணிக்கை மட்டுமே என்பதையும் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் குறில் நெடில் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். வாரம் 12 அடி, அசை பிரித்து, சத்தமாகப் படித்து, மனப்பாடம். உச்சரிப்புப் பயிற்சிக்குத் தனி நேரம்கூடத் தேவைப்படாது.

பழைய நூல்களில் சொற்பொருளும் ஏமாற்றும். 17ஆம் நூற்றாண்டில் 'அன்னுவி' சலிப்பு அல்ல, தாங்க முடியாத துயரம். 'எத்தோனே' என்றால் இடி விழுந்தவன்போலத் திகைத்தவன். 'ஷார்ம்' மந்திரக்கட்டு. இருமொழி அகராதி இன்றைய பொருளையே முதலில் காட்டும். லித்ரே அகராதியைத் திறக்கப் பழக்குங்கள், பழைய எழுத்தாளர்களின் மேற்கோள்களோடு பொருள் தரும் நூல் அது. பிரான்சின் தேசிய நூலகம் நடத்தும் கல்லிகா மின்நூலகத்தில் பழைய பதிப்புகள் இலவசம்.

மொழிபெயர்ப்புத் தாளை ஆங்கிலத்தில் மட்டும் எழுதலாம் என்ற விதியை நீக்குங்கள். மாணவரின் தாய்மொழிக்கு இடம் கொடுங்கள். ரஸீனின் நாடக நாயகி ஃபேத்ர் தன் கணவனின் மகனான இப்பொலித்திடம் மரியாதையோடு 'வூ' போட்டுப் பேசிக்கொண்டே வருகிறாள். காதல் வெளிப்பட்டுவிட்ட நொடியில் 'ஆ, கொடியவனே, நீ என்னை மிக நன்றாகவே புரிந்துகொண்டாய்' என்று 'த்யு'வுக்கு மாறுகிறாள். இன்றைய ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். தமிழில் 'நீங்கள்' சட்டென்று 'நீ' ஆகும்போது அரங்கமே நிமிர்ந்து உட்காரும். இந்த வரியில் 'கேட்டாய்' என்று எழுதுவது அடிக்கடி நேரும் பிழை. மூலத்திலுள்ள 'ஆந்தாந்த்ர்' வினைக்கு அன்று 'புரிந்துகொள்' என்பதே வலுவான பொருள்.

இடைக்காலம் முதல் 20ஆம் நூற்றாண்டு வரை ஒரே செமஸ்டரில் ஓடும் இலக்கிய வரலாற்றுத் தாளைப் பாதியாகச் சுருக்குங்கள். மிச்சமாகும் நேரத்தில் செனகல் எழுத்தாளர் மரியாமா பாவின் கடித நாவலையோ (1979) மார்த்தினிக் தீவுக் கவிஞர் எமே செசேரின் நெடுங்கவிதையையோ (1939) முழுதாகப் படிக்கலாம். பிரான்சுக்கு வெளியே எழுதப்பட்ட பிரெஞ்சை விருப்பத்தாளாக ஒதுக்கி வைத்திருப்பது சரியல்ல.

கடைசியாகத் தேர்வு. கேள்வித்தாள் மாறாமல் வகுப்பறை மாறாது. 'இந்த நாவலின் கதைச்சுருக்கம் எழுதுக', 'நாயகியின் பாத்திரப் படைப்பை விளக்குக' என்ற கேள்விகளுக்கு நூலைத் திறக்காமலே பதில் எழுத முடிகிறது. பதிலாக வகுப்பில் பார்க்காத 25 வரிப் பகுதி ஒன்று, ஒருமொழி அகராதி, 4 மணி நேரம் கொடுங்கள். யார் பேசுகிறார், யார் பார்க்கிறார், காலம் எந்த இடத்தில் ஏன் மாறுகிறது, ஒலி என்ன செய்கிறது என்று வரிவரியாக விளக்கச் சொல்லுங்கள். வாய்மொழித் தேர்வில் 30 நிமிடத் தயாரிப்பும் 10 நிமிட விளக்கமும் போதும். ஆனால் பகுதியைச் சத்தமாகப் படிப்பதற்கு ஐந்தில் ஒரு பங்கு மதிப்பெண் இருக்கட்டும். மூன்று பாகக் கட்டுரை எழுதும் பயிற்சியைக் கடைசி ஆண்டுக்கு வைத்துக்கொள்ளலாம். வரியைப் படிக்கத் தெரியாதவர் எழுதும் அந்தக் கட்டுரையில் கைடின் வாக்கியங்களே வரிசை மாறி வரும். மாதிரி வினாத்தாளும் மதிப்பீட்டு வழிகாட்டியும் முதல் செமஸ்டரிலேயே மாணவர் கைக்குப் போய்விட வேண்டும். அடுத்த பாடத்திட்டத் திருத்தக் கூட்டத்தில் வேறெதற்கும் நேரம் இல்லையென்றால், அந்த 25 வரிக் கேள்வியை மட்டுமாவது நிறைவேற்றித் தாருங்கள்.

இப்படிக்கு,
பிரெஞ்சு இலக்கியம் கற்பிக்கும் ஆசிரியர்கள் சிலர்