அறிவித்த தொகை இருக்கட்டும், லாரி உள்ளே போனதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போர்ப் பகுதிகளில் தவிக்கும் அகதிகளுக்கு உலக நாடுகள் செய்யும் உதவி பற்றி உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எந்த நாடு எத்தனை கோடி டாலர் அறிவித்தது, யார் முதலிடம், யார் கையை விரித்துவிட்டார்கள் என்று விவரமாகப் பட்டியல் போட்டிருந்தீர்கள். அந்தப் பணம் பொருளாகி, அந்தப் பொருள் எந்த வழியாக எத்தனை நாளில் உள்ளே போனது என்பது மட்டும் எங்கேயும் இல்லை. நான் சென்னைத் துறைமுகத்தில் கிளியரிங் ஏஜென்ட்டாக, அதாவது சரக்கைக் கஸ்டம்ஸிலிருந்து விடுவித்துக் கொடுப்பவனாக, இருந்து ஓய்வுபெற்றவன். சரக்கு கப்பலில் ஏறிவிட்டது என்று யாராவது சந்தோஷப்பட்டால் எங்கள் ஆட்களுக்குச் சிரிப்புத்தான் வரும். உரியவர் கையெழுத்துப் போட்டு ஷெட்டிலிருந்து வெளியே எடுக்கிற வரைக்கும் அதை யாரும் கணக்கில் சேர்க்க மாட்டார்கள்.

சென்னைக்காரர்களுக்கு இதை விளக்கத் தொலைதூர உதாரணம் எதுவும் வேண்டாம். 2009-இல் வணங்காமண் கப்பல் நம் ஊர்க் கடலில்தான் வந்து நின்றது. கப்பலின் உண்மையான பெயர் 'கேப்டன் அலி'. ஐரோப்பாவில் வாழும் ஈழத்தமிழர்கள், இலங்கையின் வடக்கே போரில் சிக்கிய வன்னி மக்களுக்காகச் சேர்த்த உணவும் மருந்தும் அதில் 800 டன்னுக்கு மேல் இருந்தன. மே மாதம் பிரான்சிலிருந்து புறப்பட்டது. இந்தப் பக்கம் வந்து சேர்வதற்குள் போரே முடிந்துவிட்டது. ஜூன் தொடக்கத்தில் இலங்கைக் கடற்படை மறித்துச் சோதனை போட்டு, சரக்கை இறக்க விடாமல் திருப்பி அனுப்பியது. அப்புறம் சென்னைக்கு வெளியே நங்கூரம் போட்டுக் காத்திருந்தது. முதல்வர் கருணாநிதி டெல்லியிடம் கேட்டார், டெல்லி கொழும்பிடம் பேசியது. ஜூலையில் சரக்கை இங்கே இறக்கி, வேறொரு கப்பலில் ஏற்றிக் கொழும்புக்கு அனுப்பினார்கள். பத்திரிகைகள் அதோடு கதையை மூடிவிட்டன. எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குத்தான் கதை அங்கே ஆரம்பிக்கும் என்று தெரியும். கொழும்புத் துறைமுகத்தில் வரி யார் கட்டுவது, துறைமுகக் கட்டணம் யார் கட்டுவது என்று மாதக்கணக்கில் இழுபறி. அக்டோபர் வாக்கில்தான் வழி பிறந்தது. அந்த நேரத்தில் வவுனியா செட்டிகுளம் முகாம்களில் இரண்டரை லட்சம் பேருக்கு மேல் அடைபட்டுக் கிடந்தார்கள். கொழும்பிலிருந்து அங்கே போக லாரிக்கு ஒரு நாள் போதும். பட்டினி கிடப்பவனுக்கு வந்த அரிசிக்கு டெமரேஜ், அதாவது தாமதக் கட்டணம், கேட்ட உலகம் இது.

அதே போரில் இன்னொன்றும் நடந்தது. அதைப் பற்றி இங்கே அவ்வளவாகப் பேசுவதில்லை. 2009-இன் தொடக்கத்தில் வன்னிப் போர்முனைக்குள் மாட்டிக்கொண்டவர்கள் சுமார் 70,000 பேர்தான் என்று இலங்கை அரசு சொன்னது. அங்கேயே இருந்த மாவட்ட அதிகாரிகளின் கணக்கு மூன்று லட்சத்தைத் தாண்டியது. உணவுக் கப்பல் எத்தனை, மருந்துப் பெட்டி எத்தனை என்பதைத் தலைக்கணக்கை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். தலையைக் குறைத்தால் அரிசியும் குறையும். அதற்குத் தனியாகத் தடை உத்தரவு போட வேண்டிய அவசியமே இல்லை. கடைசியில் முகாம்களுக்கு வந்து சேர்ந்த கூட்டத்தைப் பார்த்தபோது எந்தக் கணக்கு சரி என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஐ.நா. பொதுச்செயலாளர் அமைத்த நிபுணர் குழு 2011-இல் தந்த அறிக்கையில் இதை வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. புலிகள் மக்களை வெளியேற விடாமல் பிடித்து வைத்திருந்ததையும் அதே அறிக்கை சொல்கிறது. அதை மறைத்துவிட்டு மற்றதை மட்டும் சொல்வது நியாயமில்லை.

எண்ணிச் சொல்ல அங்கே வெளியாள் யார் இருந்தார்கள்? 2008 செப்டம்பரிலேயே ஐ.நா. அமைப்புகளை வன்னியை விட்டு வெளியேறச் சொல்லிவிட்டார்கள், அவர்களும் கிளம்பிவிட்டார்கள். செஞ்சிலுவைச் சங்கம் மட்டும் தங்கி, 'கிரீன் ஓஷன்' என்ற கப்பலில் காயம்பட்டவர்களைப் புதுமாத்தளன் கடற்கரையிலிருந்து ஏற்றிக்கொண்டு போனது. ஐ.நா. தன் தோல்வியை ஒப்புக்கொண்டு உள் விசாரணை அறிக்கை வெளியிட்டது 2012-இல். யாருக்கு என்ன பயன், சொல்லுங்கள்.

இப்போது காஸாவுக்கு வருகிறேன். 2023 அக்டோபரில் இந்திய விமானப்படையின் சி-17 விமானம் 6.5 டன் மருத்துவப் பொருளும் 32 டன் நிவாரணப் பொருளும் ஏற்றிக்கொண்டு எகிப்தின் எல்-அரிஷ் விமான நிலையத்தில் இறங்கியது. பெருமையான விஷயம்தான். ஆனால் மொத்தத்தையும் மூன்று லாரியில் அடக்கிவிடலாம். போருக்கு முன்னால், வணிகச் சரக்கும் சேர்த்து, காஸாவுக்குள் ஒரு வேலை நாளில் போன லாரிகள் சுமார் 500.

2024-இல் அமெரிக்கா 23 கோடி டாலர் திட்டத்தில் கடலில் மிதக்கும் இறங்குதுறை ஒன்று கட்டியது. அலை அடித்ததில் உடைந்தது, பழுது பார்த்தார்கள், மறுபடி கழற்றினார்கள். மொத்தத்தில் இருபது நாள் போல வேலை செய்து, ஜூலையில் மூடிவிட்டார்கள். அதன் வழியாக இறங்கிய சரக்கு 9,000 டன் அளவில். லாரிக்கு 15 டன் என்று வைத்தால் 600 லாரி. அதாவது, ஏற்கெனவே இருக்கிற சாலை வழியைத் திறந்து விட்டிருந்தால் ஒன்றரை நாளில் முடிந்திருக்கும் வேலை. விமானத்திலிருந்து பாராசூட்டில் மூட்டை போடுவதும் இதே ரகம்தான். 2024 மார்ச்சில் விரியாத பாராசூட்டுடன் விழுந்த மூட்டைகள் ஐந்து பேரைக் கொன்றன. (1987 ஜூனில் நாமும் இதைச் செய்திருக்கிறோம். ராமேஸ்வரத்திலிருந்து போன படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பிய மறுநாள், யாழ்ப்பாணத்தின் மேல் விமானத்திலிருந்து உணவுப் பொதிகளைப் போட்டோம். போட்டது சுமார் 25 டன். அது கொழும்புக்கு அனுப்பிய சேதி; சாப்பாட்டுக் கணக்கில் அதைச் சேர்க்கக் கூடாது.)

2025 மார்ச் 2 முதல் ஏறக்குறைய பதினொரு வாரம் காஸாவுக்குள் எதையுமே இஸ்ரேல் விடவில்லை. அந்த ஜூலையில், எகிப்திலும் ஜோர்டானிலும் தங்கள் கிடங்குகளில் 6,000 லாரி அளவுக்குச் சரக்கு காத்துக் கிடக்கிறது என்று பாலஸ்தீன அகதிகளுக்கான ஐ.நா. நிவாரண முகமை சொன்னது. ஆகஸ்ட் 22 அன்று காஸா நகரப் பகுதியில் பஞ்சம் என்று அறிவித்தார்கள். உலகம் உதவி செய்யவில்லை என்று இதைச் சொல்ல முடியுமா? சரக்கு வாங்கியாகிவிட்டது, கிடங்குக்கும் வந்துவிட்டது. கேட் பாஸ் கொடுக்க ஆளில்லை.

சோதனையே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆயுதம் கடத்துகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். பெட்டியைத் திறந்து பார்க்கட்டும், ஸ்கேனரில் விடட்டும். ஆனால் எதை நிறுத்தினோம், ஏன் நிறுத்தினோம் என்று எழுத்தில் கொடுக்க வேண்டும், குறித்த நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். கூடாரக் கம்பியும் தண்ணீர் சுத்திகரிக்கும் கருவியும் கூடப் போருக்குப் பயன்படலாம் என்று சொல்லி நிறுத்தப்படுவதாக உதவி அமைப்புகள் திரும்பத் திரும்பப் புகார் செய்திருக்கின்றன. ஒரு சாதாரண இறக்குமதியாளருக்குக் கஸ்டம்ஸில் இருக்கிற மேல்முறையீடு கூட இவர்களுக்கு இல்லை.

சூடானைப் பற்றி உங்கள் கட்டுரையில் இரண்டே வரி. தமிழ்ப் பத்திரிகைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்தே சொல்கிறேன், இது பெரிய குறை. 2023 ஏப்ரலில் ராணுவமும் துணை ராணுவப் படையும் மோதிக்கொள்ள ஆரம்பித்து, ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் வீட்டை விட்டு ஓடினார்கள். டார்ஃபூருக்குச் சாட் நாட்டிலிருந்து போகும் அட்ரே எல்லை வழியை 2024 பிப்ரவரியில் சூடான் அரசு மூடியது. ஆகஸ்டில் திறந்தபோது ஜம்ஜம் முகாமில் பஞ்சம் என்று அறிவித்தாகிவிட்டது. மழைக்காலமும் வந்து பாதை வெள்ளத்தில் கிடந்தது. எல்-ஃபாஷர் நகரத்தைத் துணை ராணுவப் படை ஒன்றரை வருடம் முற்றுகையிட்டது. 2025 அக்டோபரில் நகரம் விழும் வரை, எண்ணெய் ஆட்டியபின் மிஞ்சும் கடலைப் பிண்ணாக்கைத் தின்று உயிர் பிழைத்தார்கள் அந்த ஊர் மக்கள்.

அங்கே உண்மையில் சோறு போட்டது அக்கம்பக்கத்து இளைஞர்கள் நடத்திய பொதுச் சமையற்கூடங்கள்தான். 2025 தொடக்கத்தில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தியதும் அவற்றில் பல நூறு மூடப்பட்டன. ஆக, பணமும் முக்கியம்தான், அதை மறுக்கவில்லை. பணம் போய்ச் சேர வேண்டிய இடம் இந்த மாதிரிக் கைகள். பெரிய அமைப்புகளின் தலைமை அலுவலகத்தோடு நின்றுவிட்டால் பயனில்லை.

நம் அரசைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாலஸ்தீன அகதிகளுக்கான அந்த முகமைக்கு இந்தியா ஆண்டுக்கு 50 லட்சம் டாலர் கொடுக்கிறது. 2024 ஜனவரியில் அமெரிக்காவும் வேறு பல நாடுகளும் நிதியை நிறுத்தி வைத்தன. அந்த ஆண்டும் இந்தியா கொடுத்தது. பாராட்டுகிறேன். ஆனால் 2025 ஜூன் 12 அன்று, காஸாவில் போரை நிறுத்து, முற்றுகையை நீக்கு, உதவியை உள்ளே விடு என்று ஐ.நா. பொதுச்சபையில் வந்த தீர்மானத்துக்கு 149 நாடுகள் ஆதரவாக வாக்களித்தன. இந்தியா வாக்களிக்கவில்லை. சரக்குக்குக் காசு கொடுத்துவிட்டு, கேட்டைத் திற என்று கேட்கும் இடத்தில் வாய் திறக்காமல் இருப்பது என்ன நியாயம்? பட்டினியைப் போர் முறையாக்குவதைக் கண்டித்து 2018-இல் பாதுகாப்பு அவை போட்ட 2417-ஆம் தீர்மானம் கையில் இருக்கிறது. நம் தமிழ்நாட்டு எம்.பி.க்கள் நாடாளுமன்றத்தில் இதைக் கேட்கலாமே. வன்னியை நினைவு வைத்திருப்பவர்கள் கேட்காமல் வேறு யார் கேட்பார்கள்?

எங்கள் பகுதியில் சில இளைஞர்கள் போர்வை, பழைய துணி, அரிசி சேகரிக்கிறார்கள். மனசு நல்ல மனசு. ஆனால் 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் சாலையோரம் பழைய துணி மலையாகக் குவிந்து கிடந்ததை அவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். இங்கிருந்து ஒரு கன்டெய்னர் போகும் செலவில் அங்கே பக்கத்து ஊரிலேயே இன்னும் அதிகமாக வாங்கலாம். முறையான அமைப்பு ஒன்றுக்குப் பணமாகக் கொடுங்கள், தம்பிகளா.

ஆசிரியரிடம் ஒரு கோரிக்கை. காஸாவுக்குள் எத்தனை லாரி போனது என்ற கணக்கை ஐ.நா.வே இணையத்தில் வெளியிடுகிறது. ஒவ்வொரு நாட்டுக்கும் கேட்ட தொகை எவ்வளவு, வந்தது எவ்வளவு என்பதும் அப்படியே கிடைக்கிறது. அடுத்த முறை "இத்தனை கோடி டாலர் உதவி அறிவிப்பு" என்று தலைப்புப் போடும்போது, பக்கத்திலேயே சின்னதாக ஒரு கட்டம் கட்டி அந்த வாரத்துக் கணக்கையும் போடுங்கள். சூடானுக்கும் சேர்த்து.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிளியரிங் ஏஜென்ட் ஒருவர்,
ராயபுரம், சென்னை.