நத்தைகளுக்கு ஆர்.ஓ. தண்ணீர் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாசியைத் தின்பதற்காகவும் அழகுக்காகவும் மீன் தொட்டிகளில் வளர்க்கப்படும் நத்தைகளின் ஓடு வெளுத்து, நுனி அரித்து, குழி விழுந்து போவதை நம் நகரங்களில் பரவலாகக் காண முடிகிறது. இதை ஒரு நோய் என்று எண்ணி மருந்து வாங்கி ஊற்றுகிறவர்கள் பலர். பெரும்பாலும் இது நோயன்று. தண்ணீரில் கால்சியமும் காரத்தன்மையும் குறைந்துபோனதன் விளைவு. ஆர்.ஓ. தண்ணீரும் கேன் தண்ணீரும் சுத்தமானவை என்பதால் நத்தைக்கும் அவையே நல்லவை என்று நம்பி, அவற்றை மட்டுமே தொட்டியில் நிரப்பும் வழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதை வலியுறுத்தவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நத்தை ஓட்டின் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். அதன்மேல் மெல்லிய புரதப் படலம் ஒன்று போர்த்தியிருக்கும். ஓட்டின் சுருள் நுனிதான் மிகப் பழைய பகுதி என்பதால் அங்கே அந்தப் படலம் முதலில் தேய்கிறது, தண்ணீர் அமிலத்தன்மை அடைந்தால் கரைவதும் அங்கிருந்தே தொடங்குகிறது. புதிய ஓடு வாய் விளிம்பில் மட்டுமே வளர்கிறது. ஆகவே தண்ணீரைச் சரிசெய்த பிறகும் பழைய தழும்பு மறையாது. அதைக் கண்டு மனந்தளராமல், விளிம்பில் புதிதாக வளரும் ஓடு வழுவழுப்பாகவும் நிறத்தோடும் இருக்கிறதா என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

பார்க்க வேண்டிய அளவுகள் மூன்று. தண்ணீர் அமிலமா காரமா என்பதைக் காட்டும் பி.எச். 7.2 முதல் 8 வரை இருப்பது நல்லது. கால்சியத்தையும் மக்னீசியத்தையும் சேர்த்துக் காட்டும் பொதுக் கடினத்தன்மை, அதாவது ஜி.எச்., 8 டிகிரிக்குக் குறையாமல், லிட்டருக்குச் சுமார் 140 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். மூன்றாவது, அமிலத்தை ஈடுகட்டும் காரத்தன்மையைக் காட்டும் கே.எச். என்னும் கார்பனேட் கடினத்தன்மை; இதைப் பலர் அளப்பதே இல்லை. மீன்களின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை வடிகட்டியில் உள்ள நுண்ணுயிரிகள் நைட்ரேட்டாக மாற்றும்போது அமிலம் உண்டாகிறது; ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜன் மாறுவதற்கு ஏறத்தாழ 7 மில்லிகிராம் காரத்தன்மை செலவாகிறது. கே.எச். 4 டிகிரிக்கு மேல் இருந்தால் தண்ணீர் இதைத் தாங்கும். ஆர்.ஓ. தண்ணீரில் அந்தக் கையிருப்பு கிட்டத்தட்ட இல்லாததால், நிரப்பிய அன்று சரியாக இருந்த பி.எச். சில வாரங்களில் சத்தமில்லாமல் 7-க்குக் கீழே இறங்கிவிடுகிறது. தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவை மட்டும் சொல்லும் டி.டி.எஸ். மீட்டர் இதைக் காட்டிக்கொடுக்காது. கடலோரப் பகுதிகளில் போர் தண்ணீரின் (ஆழ்துளைக் கிணற்று நீரின்) டி.டி.எஸ். மிகுந்திருப்பதற்குச் சோடியம் உப்பே முக்கியக் காரணமாக இருக்கலாம். எனவே சொட்டு மருந்து வகைச் சோதனைப் பெட்டியால் ஜி.எச்., கே.எச். இரண்டையும் தனித்தனியே அளப்பதே சரியான வழி.

சரிசெய்வதற்குச் செலவு அதிகமில்லை. உப்புக் கரிக்காத போர் தண்ணீர் கிடைக்கும் இடங்களில் அதை ஆர்.ஓ. தண்ணீரோடு கலப்பதே எளிது. கடினத்தன்மை போர் தண்ணீரில் லிட்டருக்கு 400 மில்லிகிராமாகவும் ஆர்.ஓ. தண்ணீரில் 20 மில்லிகிராமாகவும் இருந்தால், ஒரு பங்கு போர் தண்ணீருக்கு இரண்டு பங்கு ஆர்.ஓ. தண்ணீர் என்று கலக்கும்போது சுமார் 147 மில்லிகிராம் கிடைக்கும். போர் தண்ணீர் பயன்படாத இடங்களில் பவளத் துண்டுகளையோ கிளிஞ்சலையோ நன்றாகக் கழுவி, துணிப் பையில் இட்டு, வடிகட்டியில் நீர் ஓடும் இடத்தில் வைக்கலாம். நாட்டு மருந்துக் கடைகளில் கடல் நுரை என்று விற்கப்படும் கணவாய் ஓடும் இதற்கு ஏற்றது; நத்தைகள் அதை நேரடியாகவே சுரண்டித் தின்னும். தண்ணீர் அமிலமாகும்போது இவை விரைந்து கரைகின்றன, காரத்தன்மை ஏறியதும் கரைவது பெரிதும் குறைந்துவிடுகிறது; அளவு மீறும் அபாயம் குறைவு என்பதாலேயே நான் இவற்றைப் பரிந்துரைக்கிறேன்.

வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பையோ சுவருக்கு அடிக்கும் சுண்ணாம்பையோ எக்காரணம் கொண்டும் தொட்டியில் இடக்கூடாது. அது கால்சியம் ஹைட்ராக்சைடு, பி.எச். அளவைச் சட்டென்று உயர்த்தி, மீன், நத்தை இரண்டையும் கொன்றுவிடும். சமையல் சோடா கே.எச். அளவை உயர்த்துமே தவிர, கால்சியம் தராது. எப்சம் உப்பு மக்னீசியம் மட்டுமே தரும். எதைச் செய்தாலும் பல நாட்களில் படிப்படியாகச் செய்ய வேண்டும், அதற்கு முன் அம்மோனியா இருக்கிறதா என்று சோதித்துக்கொள்ள வேண்டும். ஏனெனில் பி.எச். 7-லிருந்து 8-க்கு ஏறும்போது அம்மோனியாவின் நச்சு வடிவம் ஏறத்தாழ பத்து மடங்காகிறது.

தொட்டியில் இடும் மரக்கட்டையும் காய்ந்த நாட்டு வாதுமை இலையும் தண்ணீரை அமிலப் பக்கம் இழுக்கும். செடிகளுக்காகச் செலுத்தும் கார்பன் டை ஆக்சைடும் அப்படியே. இவற்றை விரும்புகிறவர்கள் கே.எச். அளவை அடிக்கடி பார்த்துக்கொள்வது அவசியம். மீன்களுக்கான மருந்துகளில் தாமிரம் கலந்தவை நத்தைகளுக்குக் கொடிய நஞ்சு என்பதால், வாங்கும் முன் புட்டியில் உள்ள விவரத்தைப் படித்துப் பார்க்க வேண்டும்.

வண்ண மீன் விற்பனைக்குப் பெயர்பெற்ற கொளத்தூர் உள்ளிட்ட எல்லா இடங்களிலும் உள்ள கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். நத்தைகள் இருக்கும் தொட்டியின்மீது விலையோடு அந்தத் தண்ணீரின் பி.எச்., ஜி.எச்., கே.எச். அளவுகளையும் எழுதி ஒட்டுங்கள். வாங்குகிறவரிடம் வீட்டில் எந்தத் தண்ணீர் ஊற்றுகிறார் என்று கேட்ட பிறகு நத்தையைக் கொடுங்கள்.

இப்படிக்கு,
மீன் தொட்டி வளர்ப்பில் ஈடுபாடுள்ள வாசகர்,
சென்னை.