அந்த எலி எங்கே போனது? உடல்நலச் செய்தி எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

உடல்நலப் பக்கங்களில் எழுதுபவர்களுக்கும், அவற்றுக்குத் தலைப்புப் போடும் ஆசிரியர்களுக்கும்,

வணக்கம். நான் மருத்துவனும் இல்லை, ஆராய்ச்சியாளனும் இல்லை. நீங்கள் எழுதுவதை விடாமல் படிக்கிற ஆள். குடல் பாக்டீரியாவுக்கும் மனதுக்கும் முடிச்சுப் போடும் கட்டுரை என்றால் இரண்டு தடவை படிப்பேன். காரணம் என் தங்கை.

மனச்சோர்வுக்கு மூன்று வருடமாக மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தவள், போன வருடம் சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்திவிட்டாள். கேட்டால், "செரட்டோனின் 90 சதவீதம் குடல்லதான் சுரக்குதாம். அப்புறம் தலைக்கு எதுக்கு மாத்திரை?" என்றாள். செரட்டோனின் என்பது மனநிலையோடு தொடர்புள்ள ஒரு ரசாயனம். ஏதோ கட்டுரையில் படித்தது. பதிலுக்கு ஒரு டப்பா புரோபயாட்டிக், அதாவது உடம்புக்கு நல்லது என்று விற்கப்படும் பாக்டீரியா, வாங்கி வைத்திருந்தாள். இரண்டு வாரத்துக்குள் தலைசுற்றல், தூக்கமில்லாத இரவுகள், காரணம் தெரியாத அழுகை.

அந்த 90 சதவீதம் பொய் இல்லை. உடலில் இருக்கும் செரட்டோனினில் பெரும்பகுதி குடல் சுவரில்தான் உருவாகிறது. அதைத் தூண்டுவதில் சில பாக்டீரியாக்களுக்குப் பங்கு இருப்பதை 2015இல் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தினர் சுண்டெலிகளில் காட்டினார்கள். ஆனால் குடலில் ஊறிய செரட்டோனின் மூளைக்குள் போகாது. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே இருக்கும் தடுப்பு அதை விடாது. குடலை அசைப்பது போன்ற வேறு வேலைகள் அதற்கு உண்டு. மூளை தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்கிறது. இந்த நாலு வரியைச் சேர்க்க அந்தக் கட்டுரையில் இடம் இல்லையா?

இந்தத் துறையே ஏமாற்று வேலை என்று சொல்ல வரவில்லை. எனக்கு இதில் பிரமிப்புதான் அதிகம். 2004இல் ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தில், கிருமியே படாமல் வளர்ந்த சுண்டெலிகளை அசையவிடாமல் அடைத்து வைத்தார்கள். மன அழுத்த ஹார்மோன்கள் மற்ற எலிகளைவிட எக்கச்சக்கமாக ஏறின. சாதாரண எலியின் கழிவிலிருந்த நுண்ணுயிர்களைக் கொடுத்ததும் ஓரளவு அடங்கின. அதுவும் சின்ன வயதிலேயே கொடுத்தால்தான். வளர்ந்த பிறகு கொடுத்துப் பயனில்லை. படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

அடுத்து 2011. அயர்லாந்தின் கார்க் நகர ஆய்வாளர்கள் ஜேபி-1 என்ற லாக்டோபேசில்லஸ் வகை பாக்டீரியாவைச் சுண்டெலிகளுக்கு ஊட்டினார்கள். பதற்றம் குறைந்தது. குடலையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்பை வெட்டிய எலிகளில் அந்த மாற்றம் காணாமல் போனது. செய்தி எந்தக் கம்பி வழியாகப் போகிறது என்று கையைக் காட்டிச் சொன்ன மாதிரி ஒரு சோதனை. இதை நீங்கள் கொண்டாடியது நியாயம்தான்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அதே குழு, அதே ஜேபி-1ஐ ஆரோக்கியமான 29 ஆண்களுக்குக் கொடுத்துப் பார்த்து 2017இல் முடிவை வெளியிட்டது. மன அழுத்தமோ நினைவாற்றலோ எதிலும் வெற்று மாத்திரையைவிட அது மேலாக இல்லை. தாங்கள் கட்டியதைத் தாங்களே தட்டிப் பார்த்து, உண்மையை மறைக்காமல் சொன்னார்கள். 2011ஆம் ஆண்டு எலிகளைப் பற்றி உங்கள் பக்கங்களில் எத்தனையோ முறை படித்துவிட்டேன். இந்த 29 பேரை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

மனிதர்களை வைத்து நடந்த பெரிய ஆய்வுகளும் உண்டு. 2019இல் பெல்ஜியத்தில் 1,054 பேரைப் பார்த்தார்கள். மனச்சோர்வு உள்ளவர்களிடம் கோப்ரோகாக்கஸ், டயலிஸ்டர் என்ற இரு பாக்டீரியா வகைகள் குறைவாக இருந்தன. மனச்சோர்வு மாத்திரைகளின் விளைவைக் கழித்துப் பார்த்த பிறகும் அப்படித்தான். சரி, எது முந்தியது? சோர்ந்து கிடப்பவர் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை, நடப்பதில்லை, தூங்குவதில்லை. இத்தனையும் குடலில் குடியிருப்பவர்களை மாற்றக்கூடியவை. ஆட்டிசம் பற்றி ஆஸ்திரேலியாவில் 247 குழந்தைகளிடம் நடந்து 2021இல் வந்த ஆய்வு இந்தச் சந்தேகத்தை இன்னும் வலுவாக்கியது. உணவில் இது வேண்டும், அது வேண்டாம் என்று குழந்தைகள் ஒதுக்குவதால்தான் குடல் பாக்டீரியாவின் வகைகள் குறைகின்றன என்ற பக்கமே அதன் முடிவுகள் சாய்ந்தன. ‘தொடர்பு இருக்கிறது’ என்று ஆய்வாளர் எழுதியதை நீங்கள் ‘காரணம் இதுதான்’ என்று மாற்றும்போது, தவித்துக்கொண்டிருக்கும் ஒரு பெற்றோர் உடனே பணத்தை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடுகிறார்.

எலியில் நடந்ததா, மனிதரிடம் நடந்ததா, எத்தனை பேர் என்பதை முதல் பத்தியிலேயே சொல்லுங்கள். முடிந்தால் தலைப்பிலேயே சொல்லுங்கள். ‘எலி’ இரண்டே எழுத்து, இடம் போதவில்லை என்று சொல்ல முடியாது. மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது என்ற வரியைக் கட்டுரையின் கடைசியில் பொடி எழுத்தில் போடாமல் மேலே கொண்டுவாருங்கள். கடைசி வரைக்கும் யார் படிக்கிறார்கள்?

தங்கை மறுபடியும் மாத்திரையை ஆரம்பித்துவிட்டாள், மருத்துவரின் மேற்பார்வையில். பாதி காலியான புரோபயாட்டிக் டப்பா இன்னும் அலமாரியில் இருக்கிறது. போன வாரம் அவளிடமிருந்து ஒரு கட்டுரையின் இணைப்பு வந்தது. ‘உங்கள் கவலையைத் தீர்க்கும் பாக்டீரியா’ என்கிற மாதிரி தலைப்பு. கீழே அவள் கேட்டிருந்தாள்: "அண்ணா, இது எலியா, மனுஷனா?"

முழுதாகப் படித்தேன். எனக்கும் தெரியவில்லை. எழுதியவர் உங்களில் ஒருவராக இருந்தால், அவளுக்கு என்ன பதில் அனுப்பட்டும்?

இப்படிக்கு,
உங்கள் வாசகன்