அட்டையில் நீ எழுதிய சொல்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நீ அனுப்பிய பிறந்தநாள் அட்டை வியாழக்கிழமைதான் வந்து சேர்ந்தது. உன் அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "என்ன எழுதியிருக்கா, படிங்க" என்றாள். 'மை பிலவிட் (beloved) அப்பா', அதாவது 'என் நேசத்துக்குரிய அப்பா' என்று படித்தேன். 'பிலவிட்' என்ற அந்தச் சொல்லை நான் வாய்விட்டுப் படித்து ஐம்பது வருஷத்துக்கு மேல் இருக்கும்.

காரணம் உனக்குச் சொன்னதில்லை. ஒன்பதாம் வகுப்பில் ஒரு தலைவரைப் பற்றிய பாடம். 'பிலவ்டு பை ஆல்' என்று அவசரமாகப் படித்துவிட்டேன். "பிலவ்டு இல்லடா, பிலவிட்!" என்று வாத்தியார் பெஞ்சு மேல் ஏற்றிவிட்டார். பையன்கள் வாரக் கணக்கில் என்னைப் 'பிலவ்டு' என்றே கூப்பிட்டார்கள். அன்றிலிருந்து அந்தச் சொல் எங்கே வந்தாலும் கண்ணாலேயே தாண்டிப் போய்விடுவேன்.

இப்போது ரிட்டயர்டு ஆளுக்கு வேறென்ன வேலை? அகராதிகளைத் தேடிப் பார்த்தேன். ஒரு காலத்தில் ஆங்கிலேயர்கள் இந்த மாதிரிச் சொற்களின் கடைசி 'எட்'டைத் தனி அசையாகவே உச்சரித்தார்களாம். போகப்போக வாய் அதைத் தேய்த்துவிட்டது. 'பிளெஸ்ஸிட்', 'லேர்னிட்' என்று சில சொற்களில் மட்டும் பழைய ஒலி ஒட்டிக்கொண்டு நிற்கிறது. நீ எழுதியதுபோல ஒருவரைச் சிறப்பித்துச் சொல்லும்போது 'பிலவிட்'. பின்னால் 'பை' வந்து, இன்னாரால் நேசிக்கப்பட்டவர் என்று வந்தால் பெரும்பாலும் 'பிலவ்டு'தான். என் வாக்கியத்தில் 'பை' இருந்ததே அம்மாடி! பெஞ்சு மேல் நின்றது வீண். வாத்தியார் இப்போது இல்லை. யாரிடம் போய்ச் சொல்ல?

சரி, அதை விடு. இந்தச் சொல்லுக்குள் 'லவ்' இருப்பது எல்லோருக்கும் தெரியும். முன்னால் நிற்கும் 'பி'தான் சுவாரசியம். அதற்குச் சுற்றிலும், எல்லாப் பக்கமும் என்று பழைய பொருள். 'விட்ச்' என்றால் சூனியக்காரி, 'பிவிட்ச்' என்றால் ஆளையே மயக்கிக் கட்டிப்போடுவது. அதே மாதிரி 'பிலவ்' என்று ஒரு வினைச்சொல் 1200 வாக்கில் இருந்திருக்கிறது. அந்த வினை செத்துப்போய்விட்டது. இன்றைக்கு 'ஐ பிலவ் யூ' என்று யாரும் சொல்வதில்லை. அதன் எச்சமான 'பிலவிட்' மட்டும் நிற்கிறது. நேசித்த செயல் போய், நேசிக்கப்பட்ட ஆள் மிச்சம்.

இதைப் படித்ததும் நம் வயல்தான் ஞாபகத்துக்கு வந்தது. மேட்டூரைத் திறந்து எத்தனையோ நாள் கழித்துத்தான் கடைமடைக்குத் தண்ணீர் எட்டும். வந்தால் வரப்புக்கு வரப்பு சுற்றி ஏறி நிற்கும். அப்புறம் வாய்க்கால் வற்றிவிடும். ஆனாலும் மண்ணைக் கிள்ளிப் பார்த்தால் உள்ளே ஈரம் இருக்கும். தமிழில் ஈரம் என்றாலே அன்பு என்றும் ஒரு பொருள் உண்டு. 'ஈரமில்லாத மனுஷன்' என்று உன் பாட்டி யாரையாவது சொன்னால், அதற்கு மேல் ஒரு வசவு அவளுக்குத் தெரியாது. ஆங்கிலச் சொல்லைவிட இதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஊர்ப்பாசம் என்று வைத்துக்கொள்.

பொறையாறு நண்பரிடம் இதைச் சொன்னேன். அவர் வேதத்தை எடுத்துக் காட்டினார். 1611-இல் வந்த ஆங்கில பைபிளில் 'பிலவிட் சன்' என்று இருக்கும் இடம் தமிழில் 'நேசகுமாரன்'. யார் நேசித்தார், எப்போது நேசித்தார் என்பதெல்லாம் இல்லாமல் ரெண்டு பெயர்ச்சொல்லை ஒட்டிவிட்டார்கள், பார். 1715-இல் புதிய ஏற்பாடு முழுவதையும் தமிழில் அச்சடித்து முடித்த தரங்கம்பாடி எங்களுக்குப் பக்கம்தானே என்று அவருக்குக் கொஞ்சம் பெருமை.

நீ இருக்கும் ஊரில் சர்ச் கல்யாணங்களில் பாதிரியார் 'டியர்லி பிலவிட்' என்று ஆரம்பிப்பதை நீ கேட்டிருப்பாய். 1549-ஆம் வருஷத்து ஜெபப் புத்தகத்திலேயே அது வந்துவிட்டது. பொண்ணு மாப்பிள்ளையைச் சொல்கிறார் என்று நினைத்திருந்தேன். இல்லையாம். கூடியிருக்கிற சனங்களைத்தான் அப்படிக் கூப்பிடுகிறார். அந்த 'டியர்'ருக்கு விலை கூடியது என்றும் அர்த்தம் உண்டு, நம் 'அருமை' மாதிரி.

கடைசியாக ஒன்று. பதில் எழுத உட்கார்ந்து 'அன்புள்ள' என்று போட்டதும் பேனா நின்றுவிட்டது. இத்தனை வருஷம் எழுதியும் யோசித்ததில்லை. அன்பு உள்ளவள் என்றல்லவா அதற்குப் பொருள்? நான் உன்மேல் வைத்திருப்பதை அது சொல்லவே இல்லை. உன்னிடம் இருப்பதைத்தான் சொல்கிறது. கீழே கையெழுத்துக்கு மேலும் அதே சொல்தான். 'பிலவிட்' என்று உனக்கு எழுதலாம், என் பேருக்கு முன்னால் நானே போட்டுக்கொள்ள முடியுமா? இது ரெண்டு முனைக்கும் பொருந்துகிறது.

அட்டையை அம்மா சாமி அலமாரியில் பிள்ளையார் படத்துக்குப் பின்னால் செருகிவிட்டாள். எழுத்துக்கூட்டிப் பார்க்க ஒருமுறை எடுத்ததற்கே திட்டு வாங்கினேன். அடுத்த தடவை ரெண்டாக அனுப்பு.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா