பரணில் கிடக்கும் டேப்புகளுக்காக ஒரு நன்கொடை வேண்டுகோள்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

நேரே விஷயத்துக்கு வருகிறோம். தெற்கு லண்டனில் சட்டன், மிட்சம், டூட்டிங் பக்கம் குடியிருக்கும் நாங்கள் 11 பேர், தமிழரும் மற்றவரும் கலந்துதான், வீட்டுப் பரண்களில் கிடக்கும் பழைய வானொலி ஒலிநாடாக்களைக் கெட்டுப்போவதற்குள் பிரதி எடுத்து வைக்கும் வேலையைக் கையில் எடுத்திருக்கிறோம். இதுவரை கைக்காசைப் போட்டு ஓட்டினோம், இனி அது போதாது. மொத்தம் 3,800 பவுண்டு தேவை, 1,150 சேர்ந்திருக்கிறது. மீதி 2,650 பவுண்டுக்காகத்தான் இந்தக் கடிதம்.

பழைய வானொலி நிகழ்ச்சிக்கு இவ்வளவு பணமா என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதிலாக ஒரே நகைச்சுவைத் தொடரின் இரண்டு பகுதிகளுக்கு என்ன நடந்தது என்பதைச் சொல்லிவிடுகிறோம்.

தொடரின் பெயர் ஹான்காக்ஸ் ஹாஃப் அவர். 1954 நவம்பர் 2, செவ்வாய்க்கிழமை, பிபிசியின் லைட் புரோகிராம் என்ற வானொலிச் சேவையில் ஆரம்பித்தது. நகைச்சுவை நடிகர் டோனி ஹான்காக் கதாநாயகன், கூட சிட் ஜேம்ஸ், பில் கெர், கென்னத் வில்லியம்ஸ், பிற்பாடு ஹேட்டி ஜாக்ஸ். எழுதிய ரே கால்டனும் ஆலன் சிம்ப்சனும் 1948இல் மில்ஃபர்ட் காசநோய் மருத்துவமனையில் நோயாளிகளாக இருந்தபோது பழகிக்கொண்டவர்கள். கதைப்படி ஹான்காக்கின் வீடு ரயில்வே கட்டிங்ஸ் 23, ஈஸ்ட் சீம். ஈஸ்ட் சீம் கற்பனை ஊர், ஆனால் சீம் நிஜமாகவே சட்டனை ஒட்டி இருக்கிறது, நம்மில் எத்தனையோ பேர் தினமும் பஸ்ஸில் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறோம். எங்கள் குழு இந்தத் தொடரில் ஒட்டிக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

முதலாவது பகுதி, 1958 ஏப்ரல் 22 அன்று ஒலிபரப்பான சண்டே ஆஃப்டர்நூன் அட் ஹோம். கதை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வெளியே மழை, கடையும் தியேட்டரும் அடைத்துக் கிடந்த அந்தக் காலத்து இங்கிலாந்து, சாப்பிட்ட சாப்பாடும் வாய்க்கு விளங்கவில்லை, நாலு பேர் ஒரு அறைக்குள் என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். ஹான்காக் பெருமூச்சு விடுகிறார். அப்புறம் எதுவும் இல்லை, வெறும் மௌனம். திரும்பவும் ஒரு பெருமூச்சு. வானொலியில் ஐந்து விநாடி சத்தம் இல்லையென்றால் கேட்கிறவன் ரேடியோ கெட்டுவிட்டதென்று குமிழைத் திருகுவான், இவர்களோ அந்த மௌனத்தையே சிரிப்பாக மாற்றினார்கள். சுவரில் ஒட்டிய காகிதத்தின் பூ வேலைப்பாட்டில் ஹான்காக்குக்கு முகங்கள் தெரிய ஆரம்பிக்கும், அதைப் பார்க்கும்படி மற்றவர்களையும் படுத்தியெடுப்பார். இலங்கையில் வளர்ந்த எங்கள் உறுப்பினர் ஒருவர் இதை முதன்முறை கேட்டுவிட்டு, ஊரடங்கு நாட்களில் தன் அப்பா வீட்டுக்குள் நடந்துகொண்டது அப்படியே இதுதான் என்றார்.

இந்தப் பகுதி தப்பியதற்குக் காரணம் அதன் தரம் மட்டுமல்ல, பிரதிகள். 1960இல் பை (Pye) என்ற இசைத்தட்டு நிறுவனம் இதைச் சற்றே சுருக்கி இசைத்தட்டாக வெளியிட்டது, மறுபக்கத்தில் இதே தொடரின் இன்னொரு பகுதி. தட்டு வீடு வீடாகப் போய்விட்ட பிறகு ஒரு நிகழ்ச்சி அழிவது லேசான காரியமல்ல.

இரண்டாவது பகுதியின் பெயர் தி மேரேஜ் பீரோ. 1955 பிப்ரவரியில், தொடரின் முதல் வரிசை (சீசன்) முடியும் தறுவாயில் ஒலிபரப்பானது. கென்னத் வில்லியம்ஸுக்குப் பதிலாக அன்றைக்கு நடித்தவர், பிற்பாடு சினிமாவில் உலகப் புகழ்பெற்ற பீட்டர் செல்லர்ஸ். ஹான்காக்கும் செல்லர்ஸும் ஒரே மேடையில், பார்வையாளர்கள் முன்னால், கையில் தாளை வைத்துக்கொண்டு வாசித்து நடித்த அரை மணி நேரம். அதை பிபிசி வைத்துக்கொள்ளவில்லை. அன்றைக்கு ஒலிநாடா விலை உயர்ந்த பொருள், ஒன்றை அழித்து அதன்மேலேயே அடுத்ததைப் பதிவது வழக்கம். நடிகர்களோடு போட்ட ஒப்பந்தப்படி மறு ஒலிபரப்புக்கும் கட்டுப்பாடு இருந்ததால், சேமித்து வைத்து என்ன பயன் என்ற எண்ணம். வெளிநாட்டு வானொலிகளுக்கு விற்பதற்காக பிபிசியின் டிரான்ஸ்கிரிப்ஷன் பிரிவு தட்டுகளில் பதித்து அனுப்பிய நிகழ்ச்சிகள் நிறையவே பிழைத்தன, அந்தத் தட்டில் ஏறாதவை போயே போய்விட்டன. நூற்றுக்கும் மேற்பட்ட ஹான்காக் வானொலிப் பகுதிகளில் சுமார் 20 அப்படித்தான் காணாமல் போயின.

தி மேரேஜ் பீரோவும் அந்தக் கணக்கில்தான் அறுபது வருடத்துக்கு மேல் இருந்தது. யாரோ ஒரு நேயர் அன்றிரவு வீட்டில் ரேடியோவிலிருந்து பதிந்துவைத்திருந்தார். பழைய வானொலிப் பதிவுகளைத் தேடி அலையும் தி ரேடியோ சர்க்கிள் குழுவினர் கையில் அது கிடைத்து, ஒலியைத் துப்புரவாக்கி, 2022இல் பிபிசி ரேடியோ 4 எக்ஸ்ட்ராவில் மறுபடி ஒலிபரப்பானது. செல்லர்ஸின் குரலைக் கேட்டபோது எங்களுக்கு உடம்பு சிலிர்த்தது உண்மை. எல்லாப் பகுதிக்கும் இந்த அதிர்ஷ்டம் இல்லை. 1955 ஏப்ரலில் இரண்டாவது வரிசை ஆரம்பித்தபோது ஹான்காக் வரவில்லை, முதல் மூன்று பகுதிகளில் அவருக்குப் பதில் ஹாரி சீகம் என்ற நகைச்சுவை நடிகர் நடித்தார். அந்த மூன்றும் இன்றைக்கு இல்லை. தொலைந்த பகுதிகளின் எழுத்துப் பிரதிகள் இருந்ததால் 2014 முதல் நடிகர் கெவின் மெக்நாலியை ஹான்காக்காக வைத்து அவற்றை ரேடியோ 4 புதிதாகப் பதிந்தது. நன்றாகவே செய்தார்கள். ஆனாலும் அன்றைய பார்வையாளர் எந்த இடத்தில் சிரித்தார், ஹான்காக் எவ்வளவு நேரம் பேசாமல் இருந்தார் என்பதெல்லாம் எழுத்துப் பிரதியில் கிடையாதே.

சரி, எங்கள் கதைக்கு வருகிறோம். எங்கள் உறுப்பினர் ஒருவரின் பக்கத்து வீட்டில் எண்பதைத் தாண்டிய ஓர் ஆங்கிலேய அம்மா இருக்கிறார். கணவர் மறைந்த பிறகு பரணைக் காலி செய்தபோது இரண்டு பெரிய பிஸ்கட் டின்கள் கிடைத்தன. மூடியைத் திறந்ததும் வினிகர் வாடை மூக்கைத் துளைத்தது. பழைய அசிடேட் டேப் சிதையத் தொடங்கிவிட்டால் வரும் வாடை அது. உள்ளே 14 ஸ்பூல்கள் (டேப் சுற்றிய சக்கரங்கள்), சிலவற்றின் அட்டையில் பென்சிலால் எழுதியது பாதி அழிந்து, 'செவ்வாய்' என்ற சொல் மட்டும் படிக்க முடிந்தது. ஹான்காக்கின் முதல் வரிசை செவ்வாய்தோறும் வந்தது என்று தெரிந்தவர்களுக்கு அந்த ஒரு சொல் போதும், இரவு தூக்கம் வராது. அதற்காக அதில் காணாமல் போன பகுதி இருக்கிறது என்று நாங்கள் சொல்லவே மாட்டோம். நடன இசையாக இருக்கலாம், கிரிக்கெட் வர்ணனையாக இருக்கலாம். ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

ஓட்டிப் பார்ப்பதில்தான் சிக்கல். எங்களிடம் இருப்பது இரவல் வாங்கிய ஒரு பழைய ஸ்பூல் ரெக்கார்டர். முதல் டேப்பை மாட்டியபோது நன்றாகத்தான் ஓடியது, வயலின் சத்தம் மெல்லக் கேட்டது, நிறுத்தப் போனபோது பிரேக் ஒழுங்காகப் பிடிக்காமல் ஒரு சக்கரம் நிற்க இன்னொன்று சுற்ற, டேப் டக்கென்று அறுந்தது. அசிடேட் டேப் அறுந்தாலும் இழுபடாமல் துண்டாக அறும், அதனால் ஒட்டிச் சேர்த்துவிட்டோம், எதுவும் தொலையவில்லை. ஆனால் அந்த அம்மா அதைப் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். ஒன்றும் சொல்லவில்லை, டீ போட்டுக் கொடுத்தார். அன்றோடு அந்த மெஷினில் இனி யாருடைய டேப்பையும் ஏற்றுவதில்லை என்று முடிவு செய்துவிட்டோம்.

இந்த வேலையைத் தொழிலாகச் செய்யும் ஓர் இடத்தில் விலை கேட்டோம். 14 ஸ்பூலுக்கே நாங்கள் திரட்ட நினைக்கும் தொகையில் பாதி போய்விடும். நாமே ஒரு மெஷின் வைத்துக்கொண்டால் இந்த டின்னோடு நிற்காமல் அடுத்தடுத்து வருகிறவற்றையும் எடுக்கலாம்.

பெரும்பகுதிப் பணம், அதாவது 2,200 பவுண்டு, முழுதாகப் பழுதுபார்த்த ஒரு ஸ்பூல் மெஷினுக்கு. புதிய ஹெட் (டேப்பிலிருந்து ஒலியைப் படிக்கும் பாகம்), புதிய ரப்பர் உருளை, முக்கியமாகச் சரியான பிரேக், மூன்று வேகத்திலும் ஓட வேண்டும், ஏனென்றால் வீட்டில் பதிந்தவர்கள் டேப்பை மிச்சம் பிடிக்க மெதுவான வேகத்தில்தான் ஓட்டினார்கள். அந்தக் காலத்து ஏழு அங்குல ஸ்பூலில் 1,200 அடி டேப், விநாடிக்கு மூன்றே முக்கால் அங்குல வேகத்தில் ஒரு பக்கம் 64 நிமிடம் ஓடும், இரண்டு ஹான்காக் தாராளமாக அடங்கும். ஒவ்வொரு டேப்புக்கும் ஹெட்டின் சாய்வைக் காதால் கேட்டுச் சரிசெய்ய வேண்டும், இல்லாவிட்டால் பேச்சு போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல மங்கலாக இருக்கும். கணினியில் ஏற்றும் கருவிக்கும் சேமிக்கும் டிஸ்க்குகளுக்கும் 900. மிச்சம் ஒட்டும் டேப், காலி ஸ்பூல், அமிலம் இல்லாத பெட்டிகள், மண்டப வாடகை. எங்கள் யாருக்கும் சம்பளம் கிடையாது. 64 நிமிட டேப்பைப் பிரதியெடுக்க 64 நிமிடம் கூடவே உட்கார்ந்துதான் ஆக வேண்டும், அதற்கு ஆள் இருக்கிறோம்.

எடுத்த பிரதியில் ஒன்று டேப்பின் சொந்தக்காரருக்கு, ஒன்று எங்கள் சேமிப்பில். எதையும் விற்கப் போவதில்லை, பொதுவில் ஏற்றப் போவதுமில்லை, உரிமை வேறொருவருடையது. தொலைந்துபோன நிகழ்ச்சி எதுவாவது கிடைத்தால் சொந்தக்காரரின் சம்மதத்தோடு பிபிசிக்குத் தகவல் போகும். பிபிசியே 2001இல் தன் பழைய நிகழ்ச்சிகளைத் தேடிப் பொதுமக்களிடம் கேட்டது நினைவிருக்கலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இலங்கை வானொலியில் மரிக்கார் ராமதாஸின் கோமாளிகளின் கும்மாளம் என்ற நகைச்சுவை நாடகம் வந்த நாட்களில் ரேடியோ பக்கத்தில் ரெக்கார்டரை வைத்துப் பதிந்த கேசட்டை உங்கள் வீட்டில் யாராவது கொண்டுவந்திருந்தால், தயவுசெய்து தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கேசட்டை ஓட்ட எங்களிடம் நல்ல கருவி இப்போதே இருக்கிறது, அதற்குப் பணமும் வேண்டாம், எடுத்துக்கொண்டு வந்தால் போதும்.

ஐந்து பவுண்டானாலும் சரி, ஐம்பதானாலும் சரி, குழுவின் பொருளாளரிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள், வரவு செலவு முழுவதையும் மாதம் ஒருமுறை எல்லோருக்கும் அனுப்புவோம். பணம் தர வசதியில்லாதவர்கள் சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணி நேரம் வந்து டேப் பக்கத்தில் உட்கார்ந்து உதவலாம். பழுதுபார்த்த மெஷின் ஒன்றை விற்பவர் எங்களுக்காக இந்த மாதக் கடைசிவரை எடுத்து வைத்திருக்கிறார். பணம் சேர்ந்ததும் முதலில் ஏறப்போவது, 'செவ்வாய்' என்று எழுதிய அந்த ஸ்பூல். அந்த அம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் அதை ஓட்டுவோம், அவரிடம் அப்படித்தான் சொல்லியிருக்கிறோம்.

அன்புடன்,
குழுவினர்