ஈடிசியை எடுத்து வைத்தாயா?

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் இங்கே எல்லோருக்கும் நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடச் சொல். சின்னவள் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டாள். வீடு ராத்திரி எட்டு மணிக்கே அடங்கிவிடுகிறது.

கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாயே, 'ஃபைல் எல்லாம் எக்ஸ்டர்னல் டிஸ்கில் ஏற்றியாச்சு, கம்ப்யூட்டரைத் துடைத்துவிட்டு டெபியன் லினக்ஸின் 13-ஆம் பதிப்பைப் போடப் போகிறேன்' என்று. அதைப் பார்த்ததும்தான் இதை எழுத உட்கார்ந்தேன். கொஞ்சம் பொறு.

போன கார்த்திகையில் என் எஸ்எஸ்டி டிஸ்க் செத்தது உனக்குத் தெரியும். ஃபைல் ஒன்றுகூடப் போகவில்லை, ஞாயிறுதோறும் காப்பி எடுத்து வைத்திருந்தேன். ஆனாலும் அந்தக் கம்ப்யூட்டர் மறுபடி என்னுடையதாக ஆவதற்குப் 11 நாள் பிடித்தது. பிரிண்டரில் பில் தாளின் அளவு, தமிழ் 99 விசைப்பலகை, ராத்திரி இரண்டு மணிக்குத் தானாக ஓடும் கணக்கு வேலை எல்லாமே எட்டு வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தி வைத்தவை. எங்கே எதை மாற்றினேன் என்று ஒரு தாளிலும் குறித்து வைக்கவில்லை. அந்த நாட்களில் எனக்கு வந்த ஆத்திரம் உனக்கு வர வேண்டாம்.

முதலில் ஈடிசி (/etc) ஃபோல்டர். பிரிண்டர், வைஃபை, மென்பொருள் பேக்கேஜ் எங்கிருந்து இறங்க வேண்டும் என்ற விவரம் என்று கம்ப்யூட்டரின் பொதுவான செட்டிங்ஸ் பெரும்பாலும் அதற்குள்தான் இருக்கின்றன. ரூட்டாக, அதாவது எல்லா உரிமையும் உள்ள யூசராக, நுழைந்து எடு. வைஃபை பாஸ்வேர்டு இருக்கும் ஃபைல்களைச் சாதாரண யூசரால் திறக்க முடியாது. காப்பியில் அவை மட்டும் விடுபட்டுப் போகும். பென்டிரைவில் அப்படியே இழுத்துப் போடவும் செய்யாதே. ஃபேட் ஃபார்மட்டில் இருக்கும் டிரைவுக்கு எந்த ஃபைல் யாருடையது, யார் திறக்கலாம் என்ற விவரம் தங்காது. டார் (tar) கமாண்ட் போட்டு ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டால் எல்லாம் உள்ளேயே இருக்கும்.

எடுப்பது ஒரு வேலை என்றால், திரும்பப் போடுவது வேறு வேலை. நான் மாட்டிக்கொண்டது அங்கேதான். பழைய ஈடிசியை அப்படியே புதிதின் மேல் கொட்டினேன். அடுத்த முறை ஆன் செய்தபோது ஒன்றரை நிமிடம் எதையோ தேடிக்கொண்டு நின்றது, பிறகு பழுது பார்க்க மட்டும் திறக்கும் எமர்ஜென்சி மோடில் போய் விழுந்தது. எஃப்எஸ்டேப் என்ற ஃபைலில் டிஸ்கின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு நீள எண், யூயூஐடி, எழுதியிருக்கும். ஃபார்மட் செய்தாலே அந்த எண் மாறிவிடும். இல்லாத டிஸ்கை அது தேடிக்கொண்டிருந்தது! யூசர் பட்டியல் இருக்கும் பாஸ்வேர்டு, குரூப் ஃபைல்களும் இதே கதைதான். பின்னணியில் ஓடும் ஒவ்வொரு சர்வீஸுக்கும் கம்ப்யூட்டர் தரும் யூசர் எண் புது இன்ஸ்டாலில் வேறாக இருக்கலாம். அதனால் பழைய ஈடிசியைப் பக்கத்தில் பிரித்து வைத்துக்கொண்டு, வேண்டியதை ஒவ்வொன்றாகப் பார்த்து எடுத்துப் போடு. நேரம் எடுக்கும், எடுக்கட்டும்.

அப்புறம் பேக்கேஜ் பட்டியல். டிபிகேஜி (dpkg) கமாண்ட் தரும் முழுப் பட்டியலை நம்பாதே. நீ கேட்காமலே மற்ற மென்பொருளுக்குத் துணையாக வந்த நூலகங்களும் (லைப்ரரி) அதில் இருக்கும்; என்னுடையதில் இரண்டாயிரத்தைத் தாண்டியது. நீ இப்போது போகப்போவது 12-லிருந்து 13-க்கு. 2038-இல் 32 பிட் கடிகாரக் கணக்கு நிரம்பி வழியும் சிக்கலுக்காக, 13-இல் நிறைய நூலகங்களின் பெயர் வாலில் டி64 என்று ஒட்டியிருக்கிறார்கள். பழைய பெயரை வைத்துக்கொண்டு மல்லுக்கட்ட வேண்டாம். பேக்கேஜ்களைப் போடும் ஆப்ட் இருக்கிறதே, அதன் ஆப்ட்-மார்க் கமாண்டில் ஷோமேனுவல் கொடுத்தால் நீயாகக் கேட்டுப் போட்டதும், முதல் இன்ஸ்டாலில் வந்த சிலவும் மட்டும் வரும். எனக்கு 140 சொச்சம் வந்தது. அதைக் கொடுத்தால் போதும், மற்றதை ஆப்ட்டே இழுத்துக்கொள்ளும்.

ஈடிசிக்கு வெளியே இருப்பவைதான் மறந்துபோகும். குறித்த நேரத்தில் தானாக ஓட வேண்டிய வேலைகளின் பட்டியலான உன் கிரான்டேப், வார் (/var) ஃபோல்டருக்குள் ஸ்பூலில் கிடக்கும். உன் சொந்த ஃபோல்டரான ஹோமில் புள்ளியில் தொடங்கும் ஃபோல்டர்கள் கண்ணில் படாது, ஆனால் எழுத்துரு, எடிட்டர், பிரவுசர் என்று உன் பழக்கமெல்லாம் அங்கேதான் இருக்கிறது. வேறு கம்ப்யூட்டருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் சாவியைத் திரும்பப் போடும்போது 600 அனுமதி (நீ மட்டும் படிக்கலாம், எழுதலாம்) வை, இல்லாவிட்டால் எஸ்எஸ்எச் அதை ஏற்காது. டேட்டாபேஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் ஃபோல்டரைக் காப்பி எடுக்காதே, டம்ப் எடு, அதாவது உள்ளிருப்பதை ஒரு ஃபைலாக எழுதித் தரச் சொல்.

இப்போது நான் ஈடிசிகீப்பர் என்ற புரோகிராம் போட்டிருக்கிறேன். ஜோயி ஹெஸ் எழுதியது. ஈடிசி முழுவதையும், மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கிட் (git) என்ற கருவியில் வைத்துக்கொள்ளும். ஆப்ட்டில் எதைப் போட்டாலும் எடுத்தாலும் என்ன மாறியது என்று தானாகப் பதிந்துவிடும். நான் கையால் மாற்றும்போது ஏன் மாற்றினேன் என்று ஒரு வரி எழுதுகிறேன், 'பில் தாள் இடப்பக்கம் வெட்டுப்பட்டது' என்கிற மாதிரி. எனக்கு இந்த ஒரு வரிதான் எல்லாவற்றையும்விடப் பெரிய பேக்கப். ஆனால் அதில் பாஸ்வேர்டு விவரங்களும் போகும், ஆகவே பொது இடம் எதிலும் ஏற்றிவிடாதே. டார் மூட்டைக்கும் பூட்டுப் போட்டு வை.

உன்னால் முடிந்தால் பழைய டிஸ்கைத் துடைக்கவே துடைக்காதே. கழற்றி அலமாரியில் வைத்துவிட்டுப் புது டிஸ்கில் 13 போடு. ஒரு மாதம் எல்லாம் ஒழுங்காக ஓடினால் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சனிக்கிழமை ராத்திரி எனக்கு வேலை இல்லை. ஷோமேனுவல் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு கூப்பிடு, வரி வரியாகச் சேர்ந்து பார்ப்போம். அதுவரை ஃபார்மட் பக்கம் போகாதே. அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் மச்சான்